ப.சிதம்பரமும் சிவகங்கையும்: 3,354 வாக்கை விட்டால் பேச வேறொன்றும் இல்லையா?

கழனிவாசல் எழுதியது:

தொகுதி நிலவரம் இழையில் ஒரு தம்பி போகிற போக்கில் "அவரு மறு எண்ணிக்கையில ஜெயிச்சவர்தானே" என்று, சிதம்பரம் 2009-இல் 3,354 வாக்கில் ஜெயித்ததைப் பற்றி ஒரு வரி போட, அதற்குக் கீழே இரண்டு நாளாகச் சண்டை. அங்கே குடிநீர் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் தனி இழை. அடித்துக்கொள்வதை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வாதம் ஒன்றே ஒன்று: சிதம்பரத்தின் சாதனையும் சரி, சர்ச்சையும் சரி, இந்தத் தொகுதியில் ஒரு தேர்தலைக்கூடத் தீர்மானித்ததில்லை. தீர்மானித்தது கூட்டணி.

1984-லிருந்து 2009 வரை எட்டு முறை நின்றார், ஏழு முறை ஜெயித்தார். 84, 89, 91 மூன்றிலும் காங்கிரஸ், பக்கத்தில் அ.தி.மு.க. 96-லும் 98-லும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.), பக்கத்தில் தி.மு.க. 2004, 2009 மறுபடி காங்கிரஸ், மறுபடி தி.மு.க. துணை. நடுவே 1999 மட்டும் த.மா.கா. இரண்டு பெரிய கழகமும் இல்லாமல் நின்றது. சிதம்பரம் மூன்றாமிடம். காங்கிரசின் சுதர்சன நாச்சியப்பன் ஜெயித்தார், பா.ஜ.க.வின் எச்.ராஜா இரண்டாவது. யோசித்துப் பாருங்கள். வருமான வரியின் உச்ச விகிதத்தை 40-லிருந்து 30 சதவீதமாக இறக்கி 'கனவு பட்ஜெட்' என்று நாடே பேசியது 1997-இல். இரண்டே வருஷத்தில் சொந்தத் தொகுதி அவரை மூன்றாவதாக உட்கார வைத்தது.

2014-இல் காங்கிரஸ் தனியாக நின்றபோது மகன் கார்த்திக்கு நான்காமிடம். 2019-இல் வழக்கெல்லாம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தபோது, தி.மு.க. கூட்டணியில், அதே கார்த்தி 3 லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஆலங்குடியான் எழுதியது:

அண்ணே, 2009-ஐ லேசாத் தாண்டிப் போயிட்டீங்களே. அதுதானே கேள்வி!

நாங்க யாருன்னு முதல்ல சொல்லிடுறேன். தொகுதி மறுவரையறையில புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியையே இல்லாம ஆக்குனாங்க. மாவட்டத்துல இருந்த ஆறு சட்டமன்றத்தையும் திருச்சி, கரூர், ராமநாதபுரம், சிவகங்கைன்னு நாலு பக்கமும் பிச்சுக் கொடுத்தாங்க. திருமயமும் ஆலங்குடியும் உங்க பங்குக்கு வந்துச்சு. 2009-தான் நாங்க சிவகங்கைக்குப் போட்ட முதல் ஓட்டு. அதுலயே இந்தக் கூத்து.

சிதம்பரம் 3,34,348. அ.தி.மு.க.வோட ராஜ கண்ணப்பன் 3,30,994. வித்தியாசம் 3,354. அன்னைக்குப் பகல்ல கண்ணப்பன் ஜெயிச்சுட்டார்னு எங்க ஊர்ல வெடி போட்டாங்க, சாயங்காலம் வேற சேதி. ஆலங்குடி ஓட்டைக் கணினியில ஏத்தும்போது மாத்திட்டாங்கங்கிறதுதான் வழக்கு. அம்மா இதை மேடை மேடையாச் சொன்னாங்க. மோடியே "மறு எண்ணிக்கை அமைச்சர்"னு கிண்டல் பண்ணலையா?

முத்துப்பட்டணம் எழுதியது:

மேடையில் சொன்னதெல்லாம் தீர்ப்பாகாது தம்பி. நான் பழைய காங்கிரஸ்காரன், அதை மறைக்கவில்லை. ஆனால் வாக்கு எண்ணும் மேஜையில் முகவராக உட்கார்ந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கட்சியை ஒதுக்கிவைத்துக் கேளுங்கள்.

வாக்குச்சாவடியில் பெட்டியை மூடி முத்திரை வைக்கும்போதே எத்தனை வாக்கு பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதி, வந்திருக்கும் முகவர்களுக்கு நகல் கொடுக்க வேண்டும். எண்ணும் நாளன்று அந்தப் படிவத்தோடு மேஜைக்குப் போகிறோம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அதிகாரி. கருவியைத் திருப்பி எண்ணைக் காட்டுவார். வேட்பாளர் வாரியாக எண் ஓட ஓட, நாங்கள் மடியில் வைத்த தாளில் குறித்துக்கொள்வோம். ஒரு எண் தவறினால் "சார், மறுபடி காட்டுங்க" என்று கத்துவோம், காட்டுவார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தாள் வெளியே கட்சி ஆளிடம் போய்விடும். கணினியில் ஏற்றுவது இதெல்லாம் முடிந்த பிறகு நடக்கிற வேலை.

இப்போது கேள்வி, கணினியில் மாற்றினால் அகப்படுமா? அகப்படும், இரு தரப்பிடமும் மேஜைத் தாள் இருந்தால். கண்ணப்பன் தரப்பும் அந்தக் கணக்கை வைத்துத்தான் நீதிமன்றம் போயிருக்க வேண்டும். போனதில் தப்பே இல்லை, அது அவர் உரிமை. ஆனால் "மறு எண்ணிக்கை அமைச்சர்" என்பது வேறு விஷயம். மனுவின் சாரம் கணினியில் ஏற்றியதில் குளறுபடி என்பதுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எதற்கு மறு எண்ணிக்கை என்று பெயர்?

ரஸ்தா எழுதியது:

பெயர் எதுவா இருந்தா என்ன மாமா, நாற்காலி அவருக்குத்தானே போச்சு 😀

கழனிவாசல் எழுதியது:

முத்துப்பட்டணம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தேர்தல் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் போட்டாக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் மனு செல்லாது. அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்றும் சொல்கிறது. வழக்குப் போடுகிறவனுக்குக் கெடு, தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு வேண்டுகோள்!

இங்கே நடந்தது என்ன? மனுவை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று சிதம்பரம் தரப்பு கேட்டது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதில் வந்தது 2012 ஜூனில். மனுவில் இரண்டு பத்திகளை நீக்கிவிட்டு, மற்றதை விசாரிக்கலாம் என்றார்கள். அதாவது அவரைக் குற்றவாளி என்றும் சொல்லவில்லை, வழக்கு வெறும் காகிதம் என்றும் சொல்லவில்லை. ஐந்து வருஷப் பதவியில் மூன்று வருஷம் அதற்குள் ஓடிவிட்டது. உள்துறை அமைச்சராக இருந்தவர், அடுத்த இரண்டு மாதத்தில் மறுபடி நிதியமைச்சரானார். பதவிக்காலத்தை முழுசாக முடித்தார். 2014-இல் நிற்கவேயில்லை.

என்னைக் கேட்டால் இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது அந்த ஆறு மாத விதிதான். எந்தப் பக்கம் உண்மையாக இருந்தாலும், தோற்ற பக்கத்துக்கு நியாயம் கிடைக்காது, ஜெயித்த பக்கத்தின் மேல் கறையும் போகாது. ஆலங்குடியான் இன்னும் நம்புகிறார், முத்துப்பட்டணம் இன்னும் மறுக்கிறார். இருவரும் சாகும்வரை இப்படியே இருக்கலாம்.

ஆலங்குடியான் எழுதியது:

சாவு எல்லாம் எதுக்குண்ணே. ஆனா கண்ணப்பன் 2020-ல தி.மு.க.வுக்கே போயி, 2021-ல முதுகுளத்தூர்ல ஜெயிச்சு அமைச்சரானப்போ நாங்கதான் வாயில மண்ணு. யாருக்காக வெடி போட்டோமோ அவரே சிதம்பரத்துக்குக் கூட்டணிக்காரர் ஆயிட்டார்.

ரஸ்தா எழுதியது:

இதைத்தான் கழனிவாசல் அண்ணன் முதல் பதிவுலயே சொல்லிட்டாரு. கூட்டணி!

சிங்கை வள்ளி எழுதியது:

வழக்கு, எண்ணிக்கையெல்லாம் நீங்கள் பேசுங்கள். எங்கள் வீட்டில் சிதம்பரம் என்றால் 1997-ஆம் வருஷ வருமானம் தாமாக வெளியிடும் திட்டம்தான். கணக்கில் காட்டாததைக் காட்டி, தனிநபர் என்றால் 30 சதவீதம் வரி கட்டினால் கேள்வி கேட்க மாட்டோம் என்றார்கள். நாடு முழுக்க சுமார் 33,000 கோடி ரூபாய் வெளியே வந்ததாகச் சொன்னார்கள்.

பள்ளத்தூரில் எங்கள் ஐயா பயந்துவிட்டார். பயப்பட அவரிடம் கறுப்புப் பணம் ஒன்றும் இல்லை. மூன்று தலைமுறைக் கலியாணத்தில் வந்த வெள்ளிச் சாமான்தான். இருந்தாலும் ஆடிட்டர் "எழுதி வைத்துவிடுங்கள் அண்ணே" என்று சொல்லிவிட்டார். வளவில் பாய் விரித்து, பெட்டகத்திலிருந்து குடம், சருவம், குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்து தராசில் வைத்தார்கள். நான் நோட்டில் எழுதினேன். ஆயா ஒவ்வொன்றையும் தூக்கும்போது "இது மலாயாவிலிருந்து வந்தது", "இது மூத்தவள் சீர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எடைக்கு அவர் காது கொடுக்கவேயில்லை. கடைசியில் ஆடிட்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இதெல்லாம் காட்ட வேண்டியதே இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆனால் பெரிய இடத்து ஆட்கள் அந்தத் திட்டத்தை வேறு மாதிரி பயன்படுத்தினார்கள். நகைக்கும் வெள்ளிக்கும் 1987 விலையைப் போட்டுக் கணக்குக் காட்ட விதி இடம் கொடுத்தது. அதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பிறகு கடுமையாகவே கேட்டார். ஒழுங்காக வரி கட்டினவன் ஏமாளி, கட்டாதவனுக்குச் சலுகை என்பது அப்போதே வந்த குற்றச்சாட்டு. சிதம்பரம் மேல் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

முத்துப்பட்டணம் எழுதியது:

வள்ளி ஆச்சி, வரியாக மட்டும் பத்தாயிரம் கோடியை நெருங்கி அரசுக்கு வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அந்தக் காலத்துப் பத்தாயிரம் கோடி.

சிங்கை வள்ளி எழுதியது:

சொல்லலாம் அண்ணே. வந்தது வந்ததுதான். யாரிடமிருந்து, எந்த விலையில் என்பதுதான் என் கேள்வி.

செக்காலை எழுதியது:

இங்கே எல்லாரும் பெரியவர்கள், நான் 2006-இல் பொறியியல் சேர்ந்தவன். அப்பா தச்சு வேலை. நான்கு லட்சம் வரை ஈடு கேட்கக்கூடாது என்று விதி இருந்தும், வங்கியில் மூன்று மாதம் அலைய விட்டார்கள். பிறகு ஊரில் கல்விக்கடன் முகாம் என்று போட்டார்கள், அமைச்சரே வந்தார். ஒரே நாளில் கடிதம் கையில். என்னோடு படித்த பலருக்கு அதே கதை. அவரைத் திட்டுகிற இழையில் இதையும் யாராவது எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். வேறு அரசியல் எனக்குத் தெரியாது.

கழனிவாசல் எழுதியது:

தம்பி, நீ எழுதியது முழு உண்மை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான், அதனால் மீதியையும் சொல்கிறேன்.

கல்விக்கடனின் மாதிரித் திட்டத்தை வங்கிகள் ஏற்றது 2001-இல், அப்போது நிதியமைச்சர் யஷ்வந்த் சின்கா. ஆனால் காகிதத்தில் இருந்ததைக் கிளை மேலாளர் மேஜைக்குக் கொண்டுவந்தது சிதம்பரம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. அவர் தொகுதி என்பதால் இங்கே கெடுபிடி இரட்டிப்பு. முகாம் என்று அறிவிப்பு வந்தால், முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கல்லூரிச் சான்றிதழ், கட்டண விவரம், அப்பா கையெழுத்து இவற்றை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டிருப்போம். அப்பாவுக்குப் பான் அட்டை இருக்காது, வருமானச் சான்று வட்டாட்சியர் ஆபீசில் கிடக்கும். "பரவாயில்லை, போடு, பிறகு வாங்கிக்கலாம்" என்று மேலிடத்து உத்தரவு. போட்டோம்.

நான்கு வருஷம் கழித்துப் படிப்பு முடிந்தது, வேலை வரவில்லை. கடன் கொடுத்த அதே கையால் நாங்கள் நோட்டீஸ் அனுப்பினோம். வட்டி மானியம் 2009–10 கல்வியாண்டிலிருந்துதான் வந்தது, அதுவும் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு. உன் வருஷத்துப் பிள்ளைகள் பலர் முதல் சில வருஷ வட்டியை முழுசாகச் சுமந்தார்கள். விவசாயக் கடனுக்கு 2008 பட்ஜெட்டில் 60,000 கோடி என்று அறிவித்தவர், மாணவர் கடன் என்று வரும்போது கையை இறுக்கிக்கொண்டார். இது என் மனத்தாங்கல்.

இன்னொன்று. கிளை திறந்தார், தானியங்கிப் பண இயந்திரம் வந்தது, கடன் வந்தது. நூறு நாள் வேலை முதல் கட்டமாக 2006-இல் வந்த ஆறு தமிழக மாவட்டத்தில் சிவகங்கையும் ஒன்று. எல்லாம் சரி. படித்த பிள்ளைக்கு இங்கேயே வேலை எங்கே?

முத்துப்பட்டணம் எழுதியது:

திருமயத்தில் பெல் குழாய் ஆலை எங்கிருந்து வந்தது? இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை மையம்? சிவகங்கை நறுமணப் பொருள் பூங்கா? எல்லாம் தானாக முளைத்ததா?

ரஸ்தா எழுதியது:

பூங்கா இருக்கு மாமா. மணம்தான் இன்னும் வரலை.

கழனிவாசல் எழுதியது:

ரஸ்தா சொல்வது கிண்டல் என்றாலும் விஷயம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் மந்திரி இல்லை. 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேருவை வரவழைத்து அடிக்கல் நாட்ட வைத்து, மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். ஐந்து வருஷத்தில் திறந்தும்விட்டார்கள். அந்த அளவுகோலை இந்த ஊர்க்காரன் எவனும் மறக்க மாட்டான். நான்கு முறை நிதியமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர் என்றால் அந்த அளவுகோலில்தான் அளப்பான். நியாயமா என்று கேட்டால், முழு நியாயமில்லை. மத்திய நிதியமைச்சர் தன் ஊருக்கே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தால் அதற்கும் ஒரு வழக்குப் போட்டிருப்பார்கள்.

ஆலங்குடியான் எழுதியது:

வழக்குன்னதும் ஞாபகம். ஐ.என்.எக்ஸ். மீடியா நிறுவன வழக்கைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலையே? 2019 ஆகஸ்ட் 21 ராத்திரி தில்லியில சி.பி.ஐ. ஆளுங்க சுவர் ஏறிக் குதிச்சதை நாடே தொலைக்காட்சியில பாத்துச்சு.

முத்துப்பட்டணம் எழுதியது:

பார்த்தது. சுவர் ஏறிக் குதிக்கிற அளவுக்கு அவர் எங்கே ஓடினார்? சற்று முன்னால்தான் கட்சி அலுவலகத்தில் பத்திரிகையாளர்களிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார்.

வழக்கு என்ன? 2007-இல் அவர் நிதியமைச்சராக இருந்தபோது, அந்த நிறுவனத்துக்கு 4.62 கோடி அந்நிய முதலீட்டுக்கு அனுமதி. வந்தது 305 கோடி. அதைச் சரிக்கட்ட உதவினார்கள், மகன் தொடர்புடைய நிறுவனங்களுக்குப் பணம் போனது என்பது குற்றச்சாட்டு. இருவரும் மறுக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கை 2017-இல். 2018 பிப்ரவரியில் மகன் கைது, அடுத்த வருஷம் அப்பா கைது. திகாரில் 74-ஆவது பிறந்தநாள். சி.பி.ஐ., அமலாக்கத் துறை இரண்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம்தான் ஜாமீன் கொடுத்தது, டிசம்பர் 4-ஆம் தேதி வெளியே வந்தார், மொத்தம் 106 நாள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு என்னிடம் கேளுங்கள்.

சிங்கை வள்ளி எழுதியது:

1992-ஐ யாரும் தொடவில்லையே. ஹர்ஷத் மேத்தா பங்குச்சந்தை ஊழல் காலத்தில், அதில் பெயர் அடிபட்ட ஃபேர்குரோத் நிறுவனத்தில் அவரும் மனைவியும் பங்கு வைத்திருந்தது தெரியவந்ததும், வர்த்தகத் துறை இணையமைச்சர் பதவியை அவரே ராஜினாமா செய்தார். 1995-இல்தான் திரும்ப வந்தார். அன்றைக்குப் பங்கு வைத்திருந்ததற்கே ராஜினாமா. அந்தச் சிதம்பரமும் பிற்காலத்துச் சிதம்பரமும் ஒரே ஆள்தானா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

கழனிவாசல் எழுதியது:

நல்ல கேள்வி ஆச்சி. ஆனால் என் வாதத்துக்கும் அதுவே சாட்சி. 92-இல் ராஜினாமா, 96-இல் பெரும் வெற்றி. 2018-இல் மகன் கைது, 2019-இல் மகன் வெற்றி. தேர்தலுக்கு மூன்று மாதம் கழித்து அப்பா கைது, 2024-இல் மகன் மறுபடி இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வெற்றி. இங்கே யாரும் வழக்கைப் பார்த்து ஓட்டுப் போடவில்லை.

எனக்கு உறுத்துகிற சர்ச்சை நீதிமன்றத்தில் இல்லை. 2019-இல் கார்த்திக்குச் சீட்டு என்றதும், 99-இல் சிதம்பரத்தைத் தோற்கடித்து எம்.பி. ஆன சுதர்சன நாச்சியப்பனே வெளிப்படையாக எதிர்த்தார். யாராவது காது கொடுத்தார்களா? இத்தனை வருஷத்தில் சிவகங்கையின் ஆறு சட்டமன்றத் தொகுதிக்குள் இன்னொரு நாடாளுமன்ற வேட்பாளரைக் கட்சி உருவாக்கவில்லை. அப்பா மாநிலங்களவை, மகன் மக்களவை.

முத்துப்பட்டணம் எழுதியது:

நீங்கள் எட்டு தேர்தலை அடுக்கும்போது ஒன்றை ஓசைப்படாமல் தாண்டினீர்கள் கழனிவாசல். 1998. கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அ.தி.மு.க. அணி தமிழகத்தில் 39-இல் 30-ஐ அள்ளியது. த.மா.கா. மாநிலம் முழுக்க ஜெயித்தது மூன்றே இடம். அதில் ஒன்று சிவகங்கை. கூட்டணிதான் எல்லாம் என்றால், அதே கூட்டணியில் மற்றவர்கள் கவிழ்ந்தபோது இவர் மட்டும் எப்படித் தப்பினார்?

ரஸ்தா எழுதியது:

🔥🔥 அண்ணே பதில் சொல்லுங்க

கழனிவாசல் எழுதியது:

சொல்கிறேன். 98-இல் அவருக்கென்று ஒரு சொந்த வாக்கு இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. வலுவான கூட்டணி பக்கத்தில் இருந்து, ஊரெங்கும் எதிர்க்காற்று அடித்தால், அந்தச் சொந்த வாக்கு கரையேற்றும். கூட்டணியே இல்லாவிட்டால் 99 மாதிரி அது மூன்றாமிடத்துக்குத்தான் போதும். 2009-இல் 3,354-க்கு அந்தச் சொந்த வாக்கே காரணம் என்று நீங்கள் சொன்னால்கூட நான் மறுக்க மாட்டேன். ஆலங்குடியான் மறுப்பார்.

ஆலங்குடியான் எழுதியது:

மறுக்கிறேன் 😀 அண்ணே, 2009 படிவம் 20-ஐ, அதான் சாவடி வாரியான முடிவுத் தாளைத் தேடி எங்க ஆலங்குடி சாவடிக் கணக்கு மட்டும் எடுத்துப் போடுறேன், முத்துப்பட்டணம் ஐயாகிட்ட பழைய 17சி நகல் எதுவும் பரண்ல இருந்தா எடுத்து வைக்கச் சொல்லுங்க. கூட்டிப் பாத்துருவோம்.

முத்துப்பட்டணம் எழுதியது:

என்னிடம் காரைக்குடி சாவடிகளுடையது மட்டும்தான் இருந்தது, அதையும் வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள். நீங்கள் படிவத்தைப் போடுங்கள். திருமயத்தையும் சேர்த்துப் போடுங்கள், வரிக்கு வரி பார்ப்போம்.